கொலோன்ல கேம்ஸ்காம்: அன்னன்னைக்கு எழுதினது

செவ்வாய், ஆகஸ்ட் 19, 2025

கேம்ஸ்காம்ங்கற வீடியோ கேம் கண்காட்சிக்காக காலைல ஃபிராங்ஃபர்ட்ல இறங்கி, ஏர்போர்ட்டை ஒட்டியே இருக்குற ஸ்டேஷன்ல ஐசிஇங்கற அதிவேக ரயில் புடிச்சு சுமார் ஒரு மணி நேரத்துல கொலோன் வந்தாச்சு. ரைன் ஆத்துக்குக் கிழக்குக் கரைல டாய்ட்ஸ்னு ஒரு ஏரியா, அங்க இருக்குற மெஸ்ஸே/டாய்ட்ஸ் ஸ்டேஷன்ல இறங்கினா கண்காட்சி வளாகம் நடந்து போற தூரம்தான். பிளாட்ஃபார்ம்லயே தெரிஞ்சுடுச்சு சரியான ஊருக்குத்தான் வந்திருக்கோம்னு, ஒருத்தர் ஆளுயர வாள் ஒண்ணை பபிள் ராப்ல சுத்தி அணைச்சுப் புடிச்சுட்டுப் போறார், அவருக்குப் பின்னாடி நாலு பசங்க, ஆளுக்கொரு மடக்கு ஸ்டூல். ஸ்கூல் படிக்கும்போதுலேருந்து ஃபோட்டோல பாத்த இடம் இது. லக்கேஜை ஹாஸ்டல்ல போட்டுட்டு முதல் வேலையா கேட் வரைக்கும் போய் சும்மா நின்னு பாத்துட்டு வந்தேன்.

கேம் பக்கம் வராதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். லாஸ் ஏஞ்சலஸ்ல 1995லேருந்து நடந்துட்டு வந்த ஈ3தான் ரொம்ப காலமா இந்தத் துறையோட பெரிய மேடை, அதை 2023 டிசம்பர்ல மொத்தமா நிறுத்திட்டாங்க. டோக்கியோ கேம் ஷோ ஜப்பான்ல இன்னும் நல்லாவே நடக்குது. ஐரோப்பால கேம்ஸ்காம். இது 2009லதான் கொலோனுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி லைப்ஸிக்ல கேம்ஸ் கன்வென்ஷன்னு நடந்துட்டு இருந்தது. ஈ3 பல வருஷம் வியாபாரிகளுக்கும் பத்திரிகைக்காரங்களுக்கும் மட்டும்னு இருந்த காலத்துலயே இவங்க டிக்கெட் வாங்குற யாரையும் உள்ள விட்டாங்க, நான் இதைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணமே அதுதான். நான் ஒரு கேம் கம்பெனிலயும் வேலை பாக்கல, பத்திரிகையும் இல்ல, விளையாடறவ, அவ்ளோதான்.

ராத்திரி எட்டு மணிக்கு ஓப்பனிங் நைட் லைவ். ஜெஃப் கீலி தொகுத்து வழங்குற ஷோ, 2019லேருந்து இதுதான் கேம்ஸ்காமோட தொடக்க விழா. ஹாஸ்டல் காமன் ரூம்ல டிவில போட்டுவிட்டாங்க, உக்கார இடம் இல்லாம தரையெல்லாம் ஆள். கால் ஆஃப் ட்யூட்டி பிளாக் ஆப்ஸ் 7ல ஆரம்பிச்சு, கடைசியா யாருமே எதிர்பாக்காத பிளாக் மித்: ஜோங் குயி. பிளாக் மித் வரிசைல முதல் கேமான வூகோங் போன வருஷம் ஆகஸ்ட் 20தான் வந்துச்சு, வருஷம் திரும்பறதுக்குள்ள அடுத்ததோட அறிவிப்பு, என் பக்கத்துல இருந்த சீனப் பொண்ணு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு எழுந்தே நின்னுட்டா. ஆனா காட்டினது அனிமேஷன் டீசர் மட்டும்தான், விளையாட்டு எப்படி இருக்கும்னு அதுல எதுவும் தெரியாது. ட்ரெய்லர்ங்கறது அவங்க காட்ட நெனைக்குறதை மட்டும் காட்டும், அதைப் பாக்க இவ்ளோ தூரம் வரவே வேண்டாம், வீட்டுலயே பாக்கலாம். எனக்கு வேண்டியது கண்ட்ரோலரைக் கைல வாங்கறது.

புதன், ஆகஸ்ட் 20

இன்னைக்கு முக்கியமா தொழில் சார்ந்தவங்களுக்கும் பத்திரிகைக்கும் உள்ள நாள், என் டிக்கெட் நாளைலேருந்து. டிக்கெட் எல்லாம் ஆன்லைன்ல, எந்த நாளுக்கு வாங்கறோமோ அந்த நாளுக்கு மட்டும்தான் செல்லும், சனிக்கிழமைதான் முதல்ல தீந்து போகும்.

ஹோஹென்ஸோலர்ன் பாலத்துல நடந்து அக்கரைக்குப் போனேன். பாலத்தோட கம்பி வேலி முழுக்க காதலர்கள் பூட்டு மாட்டி வச்சிருக்காங்க, ரயில் போகும்போது எல்லாம் சேந்து லேசா அதிரும். அந்தப் பக்கம் 157 மீட்டர் உயரத்துல கொலோன் டோம்ங்கற பெரிய தேவாலயம், 1248ல ஆரம்பிச்சு 1880ல முடிச்சாங்களாம், உள்ள போய் கழுத்து வலிக்கற வரைக்கும் மேல பாத்துட்டு வந்தேன். ஊரைப் பத்தி இவ்ளோதான் எழுதப் போறேன், மனசு முழுக்க கண்காட்சி இருக்குற கரைலதான் இருந்துச்சு.

மத்தியானத்துக்கு மேல மேப்பை விரிச்சு வச்சு எந்த ஹால்ல என்னன்னு குறிச்சேன். மொத்தம் 2,33,000 சதுர மீட்டர்னு சொல்றாங்க. ஒரு ஹால்லேருந்து இன்னொரு ஹாலுக்குப் போக நடுவுல பூல்வார்டுனு நீளமா ஒரு நடைபாதை. 2, 3, 4 எல்லாம் பிசினஸ் ஏரியா, நமக்கு அனுமதி கிடையாது. 10.2ங்கற நம்பரை மட்டும் ரெண்டு தடவை வட்டம் போட்டு வச்சேன், ஏன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்.

வியாழன், ஆகஸ்ட் 21

கேட் திறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே போயாச்சு, அப்பவே எனக்கு முன்னாடி தலையே தெரியாத வரிசை. பையைத் திறந்து செக் பண்றாங்க, கேம்ல வர்ற பாத்திரம் மாதிரி வேஷம் போட்டு வர்ற காஸ்ப்ளேக்காரங்களோட வாள் துப்பாக்கி எல்லாம் எதுல செஞ்சதுனு தட்டிப் பாத்துதான் விடறாங்க. உள்ள போனதும் முதல் காரியம் கைல பேண்ட் கட்டிக்கறது. பாஸ்போர்ட்டைக் காட்டினா வயசுக்கு ஏத்த கலர்ல கட்டி விடறாங்க, 12க்கு மேல பச்சை, 16க்கு மேல நீலம், 18க்கு மேல சிவப்பு. ஜெர்மனில யுஎஸ்கேனு ஒரு அமைப்பு கேமுக்கெல்லாம் வயசு வரம்பு போடுது, அதே கலர்தான் இங்கயும். 18 போட்ட கேமுக்கு சுவர் எழுப்பி மூடிய அறை, வெளில நிக்கற சின்னப் பசங்களுக்கு ஸ்கிரீனோட வெளிச்சம்கூடத் தெரியாது. பேருக்கு ஒரு விதினு விடாம ஒவ்வொரு வாசல்லயும் மணிக்கட்டைப் பாத்துதான் உள்ள அனுப்பறாங்க, எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்தது.

நேரா ஹால் 7, மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் பூத். அங்க ஹாலோ நைட்: சில்க்சாங் விளையாடலாம். இதை எழுதும்போதே கை பரபரக்குது. ஆஸ்திரேலியால அடிலெய்ட்ல இருக்குற டீம் செர்ரினு ஒரு குட்டி டீம், 2017ல ஹாலோ நைட் போட்டாங்க, 2019 பிப்ரவரில சில்க்சாங் வருதுன்னு சொன்னாங்க, அப்புறம் வருஷம் வருஷமா ஒவ்வொரு ஷோவுக்கும் இதுலயாவது தேதி சொல்வாங்களானு காத்துக் கெடந்து காத்துக் கெடந்து ஒரு தலைமுறையே காலேஜ் முடிச்சு வேலைக்குப் போயாச்சு. அது இங்க எட்டுற தூரத்துல இருக்கு.

க்யூவைப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா இங்க பாதி வாழ்க்கை க்யூலதான். ஒரு பெரிய பூத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம்ங்கறது சாதாரணம். சிலர் அட்டைல மடிச்சு செஞ்ச ஸ்டூல் வச்சிருக்காங்க, இங்கயே சில ஸ்டால்ல குடுக்கறது, வரிசை நகரும்போது அப்படியே இடுப்போட ஒட்டினா மாதிரி தூக்கிட்டு ரெண்டடி வச்சு மறுபடி உக்காந்துக்கறாங்க. எனக்கு முன்னாடி ஒரு தம்பியும் தங்கச்சியும் ரொம்ப நேரமா ஜெர்மன்ல பேசிட்டு இருந்தாங்க, திடீர்னு அந்தப் பொண்ணு "டேய் தண்ணிப் போத்தில் எங்க?"னு கேட்டா. நான் சட்டுனு "தமிழாம்மா?"னு கேட்டுட்டேன்.

"ஓம் அக்கா! நீங்கள் இந்தியாவோ? இதுக்கெண்டே வந்தனீங்களோ?"

அப்பா அம்மா யாழ்ப்பாணத்துலேருந்து வந்தவங்க, இவங்க பொறந்து வளந்தது டோர்ட்மண்ட்ல. வருஷா வருஷம் இங்க வர்றவங்க. எந்த ஹால்ல மத்தியானம் கூட்டம் குறையும், எந்தப் படிக்கட்டு சீக்கிரம் கொண்டு விடும், தண்ணி எங்க ரொப்பலாம், எல்லாம் அந்தத் தம்பிக்கு அத்துப்படி. "பெரிய பூத் எல்லாத்தையும் பாக்க வெளிக்கிட்டா ஒண்டையும் பாக்கேலாது அக்கா, ஒரு நாளைக்கு ஒண்டு காணும்"னான். அது எவ்ளோ சரினு அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சுது.

நாலரை மணிக்கு டீம் செர்ரி ஒரு வீடியோ போடப் போறாங்கனு முன்னாடியே சொல்லி இருந்தாங்க. நாங்க இன்னும் வரிசைலதான் நிக்கறோம். ஹால்ல இவ்ளோ ஃபோன் இருந்தா நெட் எப்படி வரும், வீடியோ ரெண்டு செகண்ட் ஓடும் நிக்கும், ஓடும் நிக்கும். எங்க கும்பல்ல ஒரே ஒருத்தர் ஃபோன்ல மட்டும் ஓடுது, அவரைச் சுத்தி பதினஞ்சு பேர் தலையை நுழைச்சுட்டு நிக்கறோம், யார் யார்னே தெரியாது, தோள்மேல யாரோட தாடையோ இருக்கு. கடைசில தேதி வந்துச்சு, செப்டம்பர் 4. ரெண்டே வாரம்! முதல்ல எங்க கும்பல்ல ஒரு கத்தல், அது முடியறதுக்குள்ள வரிசைக்குப் பின்னாடி ஒரு கத்தல், ஃபோன் ஒவ்வொண்ணா எட்டிப் புடிக்கப் புடிக்க ஹாலோட அந்தக் கோடி வரைக்கும் போச்சு. டோர்ட்மண்ட் தங்கச்சி என்னைக் கட்டிப் புடிச்சுட்டா. ஆறு வருஷத்துக்கு மேல ஆளாளுக்குத் தனியா ரூம்ல உக்காந்து காத்துட்டு இருந்த விஷயம், அது முடியற நேரத்துல அதே பைத்தியம் புடிச்ச இத்தனை பேரோட நின்னேன்ங்கறது எனக்குக் கெடச்ச பெரிய குடுப்பினை.

அப்புறம் விளையாட்டு. ராக் எக்ஸ்பாக்ஸ் அலை (ROG Xbox Ally)னு இவங்க அக்டோபர்ல விடப்போற கைக்கணினில போட்டிருந்தாங்க, ரெண்டு பகுதி, நான் எடுத்தது மாஸ் க்ராட்டோ. பழைய கேம்ல எதிரியோட தலைமேல நேர் கீழ குத்தி எகிறிக்கிட்டே போவோம்ல, இதுல நாம ஆடற பாத்திரம் ஹார்னெட் சாய்வா பாஞ்சு குத்தறா. முதல் அஞ்சு நிமிஷம் விரல் பழைய பழக்கத்துலயே போகுது, எல்லா குதியும் ஒரு சாண் தள்ளி விழுது. கொஞ்ச நேரத்துல அந்தச் சாய்வு கைக்குள்ள வந்துடுச்சு பாருங்க, அதுக்கப்புறம் வேகமே வேற. உயிர் ஏத்தறதும் மாறியிருக்கு, முன்னாடி நின்னு நிதானமா ஒண்ணொண்ணா ஏத்தணும், இப்ப பட்டு நூலைச் செலவு பண்ணி ஒரே இழுப்புல மூணு, அந்தரத்துல இருக்கும்போதே பண்ணலாம். அதனால சண்டைல பின்வாங்கற நேரமே கம்மி, முன்னாடியே போகச் சொல்லுது கேம். இதெல்லாம் எந்த ட்ரெய்லர் பாத்தும் எனக்குப் புரியாம இருந்தது.

வெள்ளி, ஆகஸ்ட் 22

10.2. காலைலேருந்து கடைசி அனவுன்ஸ்மெண்ட் வரைக்கும் இங்கதான்.

இண்டி ஏரியா, அதாவது பெரிய கம்பெனி இல்லாம சொந்தமா கேம் பண்றவங்களோட இடம், இங்க இருக்கு, இண்டி அரீனா பூத்னு நூத்துக்கும் மேல சின்னச் சின்ன டீம் ஒரே கூரைக்குக் கீழ. கீழ் ஹால்ல இருக்குற மாதிரி வானுயர ஸ்கிரீன், டிராகன் பொம்மை, காதைக் கிழிக்குற பேஸ் எதுவும் கிடையாது. ஒரு மேசை, ஒரு மானிட்டர், ஒரு ஹெட்போன், பக்கத்துல அந்த கேமைப் பண்ணின ஆளே நிக்கறாங்க. பல இடத்துல க்யூவே இல்ல, உக்காந்தா விளையாட்டு.

ஒரு ஓரத்துல ரெண்டே பேர் பண்ணின ஒரு புதிர் கேம், பேர் சொல்லல, இன்னும் முடியாத கேம்ங்கறதால. பழைய ஹோட்டல் ஒண்ணுல லிஃப்ட் ஓட்டற ஆள் நாம, ஏறுற ஆளுங்களோட பேச்சை வச்சு அவங்களுக்கு நிஜமா எந்த மாடிக்குப் போகணும்னு கண்டுபுடிக்கணும். ஹெட்போனைத் துடைச்சுக் குடுத்துட்டு அந்தப் பொண்ணு எனக்குப் பின்னாடி போய் நின்னுட்டாங்க, கைல ஒரு கட்டம் போட்ட நோட்டு. மூணாவது ஆள் ஏறினப்புறம் எனக்கு எதுவும் ஓடல, கதவு மூட மாட்டேங்குது, எல்லா பட்டனையும் அமுக்கறேன். பின்னாடி பேனா கீறற சத்தம் கேக்குது. ஒரு நிமிஷம் போனதும் குனிஞ்சு, இடது பக்கம் பித்தளைல ஒரு சின்ன கைப்பிடி இருக்கு பாருங்கன்னாங்க. அது சுவரோட அதே பழுப்பு கலர்ல இருக்கு, யாருக்கும் தெரியாது.

முடிச்சுட்டு அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மனசார காட்டினாங்க. வரி வரியா நேரம், பக்கத்துல எந்த இடத்துல நின்னாங்கங்கற குறிப்பு, பாதிக்கு மேல அந்தக் கைப்பிடிக்கு நேராத்தான் கோடு. "வீட்டுல ஃப்ரெண்ட்ஸ்கிட்ட குடுத்தா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க, இங்க வர்றவங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், கையைப் பாத்தாலே தெரிஞ்சுடுது"ன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க. ஒன்றரை வருஷமா பகல்ல வேற வேலை பாத்துட்டு ராத்திரில இதைப் பண்றாங்களாம். நான் எழுந்த அப்புறம் ஒரு பன்னெண்டு வயசுப் பையன் உக்காந்தான், அவனும் அதே இடத்துல நின்னான், பேனா மறுபடி கீறுச்சு.

அப்புறம் எத்தனையோ விளையாடினேன், சிலது சுமார், சிலது ரொம்ப அழகா இருந்தும் கைக்கு ஒட்டல. அதைப் பண்ணினவங்க முகத்துக்கு நேரா சொன்னேன், யாரும் கோச்சுக்கல, எந்த இடத்துலனு திருப்பிக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. பெரிய கம்பெனி பூத்ல நாம ஆயிரத்துல ஒருத்தர், நேரம் முடிஞ்சா தோளைத் தொட்டு எழுப்பி விட்டுடுவாங்க. இங்க நாம விளையாடறதே அந்த கேமுக்குள்ள போய்ச் சேருது.

ராத்திரி ஊருக்குள்ள ஹோஹென்ஸோலர்ன்ரிங் பக்கம் சிட்டி ஃபெஸ்டிவல், பாட்டுக் கச்சேரி. கால் கெஞ்சுது, அரை மணி நேரத்துல திரும்பிட்டேன்.

சனி, ஆகஸ்ட் 23

கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். பூல்வார்டுல நாம நடக்க வேண்டியதே இல்ல, அதுவே தள்ளிட்டுப் போயிடும். காஸ்ப்ளேக்காரங்க முழு உழைப்பையும் கொட்டினது இன்னைக்குத்தான், ஒரு அம்மா தன் றெக்கையை மடக்கி விரிக்க சைக்கிள் பிரேக் கேபிளை வச்சு செஞ்சிருந்தாங்க, கேட்டதும் முதுகைத் திருப்பி எப்படி வேலை செய்யுதுனு இழுத்துக் காட்டினாங்க.

தம்பி சொன்ன மாதிரி ஒரு நாளைக்கு ஒண்ணு. இன்னைக்கு கேப்காம் கம்பெனியோட பூத், ரெசிடெண்ட் ஈவில் ரெக்வியம்ங்கற பேய்ப்பட மாதிரி பயமுறுத்தற கேம். நானும் அந்த டோர்ட்மண்ட் தம்பியும் சேந்தே நின்னோம், அவன் தங்கச்சிக்கு நீல பேண்டுங்கறதால அவ மட்டும் வேற கேமுக்குப் போயிட்டா. நாலு மணி நேரம். சிவப்பு பேண்டைக் காட்டி உள்ள போனா ஒரே இருட்டு. கிரேஸ் ஆஷ்க்ராஃப்ட்ங்கற எஃப்பிஐ பொண்ணு, தலைகீழா கட்டிப் போட்ட கட்டில்ல கண் முழிக்கறா, அங்கேருந்து தப்பிச்சு வெளில வரணும். கைல ஒரு லைட்டர் மட்டும். நெட்டையா ஒரு உருவம் தேடிட்டே வருது, வெளிச்சம் பட்டா பின்வாங்குது. நான் மேசைக்கடில ஒளிஞ்சு மூச்சைப் புடிச்சுட்டு இருக்கேன், நிஜமாவே புடிச்சுட்டு இருந்திருக்கேன், ஹெட்போனைக் கழட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. முதல் நபர் பார்வை, மூணாம் நபர் பார்வை ரெண்டுக்கும் நடுவுல மாத்திக்கலாம், முதல் நபர்ல பயம் ஒரு படி கூட. 2026 பிப்ரவரி 27ல வருது. நாலு மணி நேரத்துக்குத் தகுந்ததானு கேட்டா, எனக்கு ஆமாம்.

சாயங்காலம் மறுபடி 10.2. லிஃப்ட் கேம் மேசைக்குப் போனேன், அந்தப் பொண்ணு என்னை அடையாளம் கண்டு "வாங்க வாங்க, உக்காருங்க"ன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க. மூணாவது ஆள் ஏறினாரு. இடது பக்கம் அந்தக் கைப்பிடிக்கு மேல இப்ப ஒரு குட்டி மஞ்சள் பல்பு, லிஃப்ட் அதிரும்போது மினுக்குனு ஒரு தடவை எரியுது, கண்ணு தானா அங்க போகுது. ராத்திரி ஹோட்டல் ரூம்ல ரெண்டு பேரும் மூணு மணி வரைக்கும் உக்காந்து அந்த பல்பை வச்சு, காலைல கேமோட புதுப் பதிப்பைப் போட்டிருக்காங்க. நோட்டோட இன்னைய பக்கத்தைக் காட்டினாங்க, கைப்பிடிக்கு நேரா ஒரே ஒரு கோடு. அடுத்த பிரச்சனை இப்ப அஞ்சாவது மாடிலயாம், அதைச் சொல்லும்போது அவங்க முகத்துல தூக்கமும் சந்தோஷமும் ஒண்ணா இருந்துச்சு.

ஞாயிறு, ஆகஸ்ட் 24

கடைசி நாள், குடும்பம் குடும்பமா வர்றாங்க. ரெட்ரோ ஏரியாவும் 10.2லதான், பழைய கம்ப்யூட்டர், கன்சோல் சேகரிக்கறவங்க தங்களோட சொந்த மெஷினைக் கொண்டு வந்து வச்சிருக்காங்க. கமடோர் 64, அமிகா, அட்டாரி, எல்லாம் பழைய பிக்சர் ட்யூப் டிவிலயே ஓடுது. ஒரு தாத்தா ஜாய்ஸ்டிக்கைப் பேரன் கைல குடுத்துட்டு, எப்படிப் புடிக்கணும்னு அவன் விரலை ஒவ்வொண்ணா எடுத்து வச்சார். மெஷின் ஹேங் ஆச்சு, சேகரிப்பாளர் ஓடி வந்து கார்ட்ரிட்ஜைக் கழட்டி மாட்டினார், மறுபடி ஓடுச்சு.

இந்த வருஷம் 128 நாட்டுலேருந்து 3,57,000 பேர் வந்தாங்கனு அறிவிச்சிருக்காங்க, 1,568 கம்பெனி கடை போட்டிருக்காங்க. கோவிட்டுக்கு முன்னாடி 2019ல 3,73,000, கிட்டத்தட்ட அதைத் தொட்டாச்சு.

அடுத்தது 2026 ஆகஸ்ட் 26லேருந்து 30 வரைக்கும். வர நெனைக்கறவங்க ஷெங்கன் விசா அப்பாயிண்ட்மெண்டை முடிஞ்ச வரைக்கும் முன்னாடியே போடுங்க. கொலோன்ல அந்த வாரம் ரூம் வாடகை எகிறிடும், பான் இல்ல டுஸல்டார்ஃப்ல தங்கினா ரயில்ல சுமார் அரை மணி நேரத்துல வந்துடலாம். ஒரே நாள் டிக்கெட்தான் முடியும்னா வெள்ளிக்கிழமை எடுங்க, ரெண்டு நாள்னா வெள்ளியும் சனியும். முதல் நாள் 10.2ல உங்களைத் தடுக்குற இடம் எதுனு பண்றவங்ககிட்ட சொல்லிட்டு, அடுத்த நாள் மறுபடி போய் உக்காருங்க.